வசந்தாக்கா விட்ட வரி

வசந்தாக்காவுக்குத் தமிழ் தெரியும், பிரெஞ்சு தெரியும், இங்கிலீஷ் தெரியும். கார் ஓட்ட மட்டும் தெரியாது. ஹூஸ்டனை ஒட்டியிருக்கிற இந்தப் பேர்லேண்டில் கார் ஓட்டத் தெரியாமல் குடியிருப்பதும் வீட்டுக் காவலில் இருப்பதும் ஒன்றுதான். கறிவேப்பிலை வாங்கக் கார், கோயிலுக்குக் கார், நாலு வீடு தள்ளிச் சுண்டல் கொடுத்துவிட்டு வரவும் கார். மூன்று தடவை ரோட் டெஸ்ட் கொடுத்தார், மூன்றிலும் ஃபெயில். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் இடது பக்கம் திரும்பு என்றால், அதை மனசுக்குள் இன்னொரு பாஷையில் சொல்லிப் பார்த்த பிறகுதான் அவர் கை அசையும். அதற்குள் திருப்பம் தாண்டிப் போயிருக்கும். "உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்தா டெக்சஸே தாங்காதுக்கா" என்று நான் சொல்லிச் சிரிப்பேன். கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்குக் கோபமே வராது. இரண்டு பேருக்கும் சேர்த்து எனக்கு வரும்.

நான் ஷ்யாமளா, திருப்பூர்க்காரி. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு மரவேலி, அவ்வளவுதான். அக்காவின் முழுப்பெயர் வசந்தமலர். புதுச்சேரியில் பிறந்து, பன்னிரண்டு வயதில் அப்பாவோடு பிரான்சுக்குக் கப்பலேறி, அங்கேயே படித்து வளர்ந்தவர். ஒருவர் பிரெஞ்சில் பேசினால் இங்கிலீஷிலும், இங்கிலீஷில் பேசினால் பிரெஞ்சிலும் உடனுக்குடன் சொல்கிற வேலை. "எங்க ஊர்ல அந்தக் காலத்துல இதுக்குத் துபாஷின்னு பேரு" என்பார். ஹூஸ்டன் ஆஸ்பத்திரிகளிலும் கோர்ட்டுகளிலும் கூப்பிடும்போது போய் வருவார். வீட்டுக்காரர் பசுபதி எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர், பாதி நாள் கடலுக்கு நடுவில்தான் இருப்பார். அவர் கரையில் இருந்தால் அவர் கொண்டுபோய் விடுவார். இல்லையென்றால் நான்.

1997 செப்டம்பரில் ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டார்.

"ஷ்யாமு, அடுத்த வாரம் முழுக்க என்னை டவுன்டவுன்ல டிராப் பண்ண முடியுமா? சாயங்காலம் பிக்கப்பும் பண்ணணும்."

"இதென்னக்கா கேள்வி? பண்ணிடலாம்."

"ஒரு கண்டிஷன். உள்ள என்ன நடந்ததுன்னு மட்டும் கேக்கக் கூடாது."

என்னிடம் போய் இப்படி ஒரு கண்டிஷன்! பூனையிடம் பாலைக் கொடுத்துக் காவல் இருக்கச் சொன்ன மாதிரி. ஆனாலும் தலையாட்டிவிட்டேன். பிறகு அவராகவே கொஞ்சம் சொன்னார். எங்கேயோ ஒரு பாலைவன தேசம். அதை வெளியிலிருந்து வந்து ஆண்டுகொண்டிருக்கிற ஓர் அரசு ஒரு பக்கம், எங்கள் மண்ணை எங்களிடம் விடு என்று பல வருஷம் சண்டை போட்ட இயக்கம் இன்னொரு பக்கம். சண்டையை நிறுத்தியாயிற்று. மக்களிடமே ஓட்டுக் கேட்டு முடிவு செய்யலாம் என்றும் ஆயிற்று. யார் அந்த மண்ணின் மக்கள், யாருக்கு ஓட்டு என்பதில் எல்லாம் அப்படியே நிற்கிறது. நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்த்துவைக்க டெக்சஸ்காரர் ஒருவர், ரிட்டயர்டு ஜட்ஜ். ஒரு பக்கம் பிரெஞ்சில் பேசுமாம், மறு பக்கம் இங்கிலீஷில். தேசத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அக்காவுக்குக் கொடுத்த வாக்கு அப்படி.

அந்த வாரம் முழுக்க ஒரே மூட்டம். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் 288 ஃப்ரீவேயில் ஏறினால் இரண்டு பக்கமும் புல்வெளியைப் பனி மூடியிருக்கும். மாடுகளுக்குக் கால் தெரியாது, முதுகு மட்டும் மிதக்கும். முன்னால் போகிற கார்களின் சிவப்பு விளக்குகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கரைந்து போகும். எனக்கே நான் கார்தான் ஓட்டுகிறேனா, கண்ணை மூடிக்கொண்டு படகில் போகிறேனா என்று சந்தேகம் வந்துவிடும். பக்கத்தில் அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருப்பார். தூரத்தில் ஹூஸ்டன் கட்டடங்கள் அடிப்பாகம் இல்லாமல் வானத்தில் நிற்கும். பேச்சு நடக்கிற ஹோட்டல் வாசலில் அவரை இறக்கிவிட்டால் கண்ணாடிக் கதவு ஒரு தடவை திறந்து மூடும், ஆள் உள்ளே போயிருப்பார்.

சாயங்காலம் திரும்பி வருகிறவர் வேறு ஆள். கண் எங்கேயோ இருக்கும். பசிக்கிறதா என்று கேட்டால் கொஞ்ச நேரம் கழித்து, "யாருக்கு?" என்பார். ஒரு நாள் பயந்தே போய்விட்டேன். அப்புறம்தான் விளக்கினார். துபாஷி, 'அவர் இப்படிச் சொல்கிறார், இவர் அப்படிச் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாதாம். பேசுகிறவர் 'என் பிள்ளை அங்கே செத்தான்' என்றால் இவரும் 'என் பிள்ளை அங்கே செத்தான்' என்றுதான் சொல்ல வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் மாறி மாறி நான், நான் என்று பேசிவிட்டு வந்தால், தன்னுடைய நான் எங்கே போயிற்று என்று தேடத்தானே வேண்டும்? கூடப் பார்ட்னராக ஒரு கனடாக்காரி உண்டாம். ஒருத்தி பேசும்போது மற்றவள் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். ஒரு வார்த்தை விட்டுப்போனால் மேசையை லேசாகத் தட்டுவாளாம்.

காரில் ஏசி சத்தத்திலேயே தூங்கிப் போய்விடுவார். தூக்கத்தில் ஏதோ முணுமுணுப்பார். நான் ரேடியோவை அணைத்துவிட்டு உற்றுக் கேட்பேன். பாழாய்ப் போன பிரெஞ்சு! ஒரு எழவும் புரியாது. ரவா உருண்டை கொடுத்துப் பார்த்தேன், முறுக்கு கொடுத்துப் பார்த்தேன். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு ஷ்யாமு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பின் சீட்டில் என் பொண்ணு வான்மதி, "அம்மா, லீவ் ஹெர் அலோன்" என்று என்னை அதட்டுவாள்.

புதன்கிழமை சாயங்காலம் மட்டும் அவராகவே வாயைத் திறந்தார்.

"ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கறதே இல்ல ஷ்யாமு. எதிர் எதிர்லதான் உக்காந்திருக்காங்க. ஆனா எல்லாத்தையும் ஜட்ஜைப் பாத்துதான் சொல்றாங்க. நடுவுல அவர் ஒரு சுவரு மாதிரி."

"அட, இதென்ன புதுசா? ஜாடைப் பேச்சு! எங்க மாமியாரும் நாத்தனாரும் ஆறு மாசம் இப்படித்தான் இருந்தாங்க. 'சுவரே, சோறு ஆறிப் போச்சுன்னு சொல்லு.' 'சுவரே, எனக்குப் பசிக்கலைன்னு சொல்லு.' சுவரு பாவம்னு நான் நடுவுல மாட்டிக்கிட்டேன்."

அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்க வீட்ல நான்தான் சுவரு" என்றார்.

அவருக்கு ஓர் அக்கா உண்டு என்று எனக்குத் தெரியும். நாகமணி என்று பெயர், சான் ஹோசேயில் மகன் கவின் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். கவின் குபெர்டினோவில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவும் தங்கையும் போனில் பேசுவார்கள், நானே கேட்டிருக்கிறேன். கத்தரிக்காய் விலை, முட்டி வலி, கவின் இன்னும் கல்யாணத்துக்குப் பிடி கொடுக்காதது. ஒன்றே ஒன்றுதான் எனக்கு உறுத்தும். செத்துப்போன தகப்பனாரைப் பற்றிப் பேச்சு வந்தால் நாகமணியம்மா 'உங்கப்பா' என்பார். 'உங்கப்பாவுக்கு என்ன, பெரிய துரை.' கூடப் பிறந்தவளிடம் உங்கப்பாவாம்! சக்களத்தி பெற்ற பிள்ளைகளா என்று ஒரு தடவை வாய்வரை வந்து அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. ஹோட்டல் வாசலில் மழை. அக்கா குடை இருந்தும் விரிக்காமல் நனைந்துகொண்டே வந்து ஏறினார். முகம் வெளுத்திருந்தது.

"ஒரு வரி விட்டுட்டேன் ஷ்யாமு."

"என்னது?"

"கடைசில எல்லாரும் எந்திரிக்கற நேரம். ஒரு பக்கத்துல இருக்கற வயசானவர், எதிர்ல இருந்தவர்கிட்ட மெதுவா ஒண்ணு கேட்டாரு. என் பார்ட்னர் வெளிய போயிருந்தா. எனக்குக் காதுல விழுந்துது, மனசுல பதிஞ்சுது, வாய்ல வரல. களைப்பா, என்ன எழவோ. எல்லாரும் கலைஞ்சுட்டாங்க. யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்."

"ஒரே ஒரு வரிதானேக்கா? விடுங்க. அவங்க பேசாத பேச்சா?"

"விடறதா?" என்று என்னைப் பார்த்தார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அப்போதுதான். "அந்த மனுஷன் கேட்டுட்டாரு. பதில் வரலைன்னு நினைச்சிட்டு ராத்திரி முழுக்கப் படுத்திருப்பாரு. எதிர்ல இருந்தவருக்கு, அவர் கேட்டதே தெரியாது. நடுவுல ஒருத்தி முழுங்கிட்டா. அது என்ன பாவம் தெரியுமா உனக்கு?"

வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீருக்குள் போகிற மாதிரியே வீடு வரைக்கும் போனோம்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் என்ன செய்தார் என்பதை, உள்ளே பேசியதைச் சொல்லாமல், இவ்வளவு மட்டும் சொன்னார். துபாஷிக்கு அந்த அறையில் சொந்தக் குரல் கிடையாது. ஆனால் தப்பு நடந்துவிட்டால் எழுந்து நிற்கலாம். அப்போதும் 'நான்' என்று சொல்லக் கூடாது. ஏனென்றால் 'நான்' அங்கே மற்றவர்களுடையது. 'துபாஷி ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறார்' என்று யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வது மாதிரி சொல்ல வேண்டும். அப்படியே சொல்லி, விட்ட வரியைச் சொல்லியிருக்கிறார்.

"அப்புறம் என்னாச்சுக்கா?"

"எதிர்ப்பக்கத்துக்காரர் ஜட்ஜைப் பாக்கல. முதல் தடவையா நேரா அந்த வயசானவரைப் பாத்தாரு. அவ்ளோதான், கேக்காதே."

எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு எல்லோரும் ஊருக்குப் போனார்கள். அந்த ஓட்டு நடந்ததா என்று கேட்காதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். இத்தனை வருஷம் கழித்தும் பேப்பரில் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் என் கதை அதில் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மழை விட்டிருந்தது. வேலை நல்லபடியாக முடிந்ததே, மீனாட்சிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம் என்று வண்டியைக் கோயிலுக்குத் திருப்பினேன். பார்க்கிங்கில் தேங்கிய தண்ணீரில் கோபுரம் தலைகீழாகக் கிடந்தது. யாரோ நடந்து போனால் அசைந்து குலைந்து மறுபடி கூடியது. நான் இறங்கினேன். அக்கா இறங்கவில்லை.

"உக்காரு ஷ்யாமு. உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

மறுபடி ஏறி உட்கார்ந்தேன்.

சொன்னார். 1962-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியைச் சட்டப்படி விட்டுக் கொடுத்தபோது, வேண்டியவர்கள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கலாம் என்று ஆறு மாசம் தவணை கொடுத்தார்களாம். அப்பா நாகரத்தினம் பிரெஞ்சுக் காலத்துக் கோர்ட்டில் குமாஸ்தா. எழுதிக் கொடுத்தார். சின்னவள் அப்பாவோடு சேர்த்தி. மூத்தவளுக்கு வயது வந்துவிட்டது, அவள் முடிவு அவளுடையது. நாகமணி மாட்டேன் என்றாள். சுதந்திரம் வந்த பிறகும் அடிமையாகப் போகிறீர்களா என்று தெருவே கேட்கக் கேட்டுவிட்டு, தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மா இல்லாத வீடு. அதற்குப் பிறகு அப்பாவும் பொண்ணும் பேசிக்கொண்டதெல்லாம் இந்தச் சின்னவள் வழியாக. 'உன் அக்காகிட்ட சொல்லு.' 'உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லு.' பன்னிரண்டு வயது, பாவாடை கட்டிய துபாஷி.

"பம்பாய்க்குப் போய்க் கப்பல் ஏறணும். சாயங்காலம் நாலு மணிக்கு ரயிலு. காலைல அப்பா என்னைக் கூப்பிட்டாரு. 'நாகுகிட்ட போய்ச் சொல்லு. ரயிலுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து என் எதிர்ல நில்லும்மா. திட்டறதா இருந்தாலும் வந்து திட்டு.' அவ்ளோதான் சொன்னாரு. நான் மாமா வீட்டுத் தெரு முனை வரைக்கும் போனேன். வீட்டுக்குள்ள போகலை. அவ வந்தா அப்பா மனசு மாறிடும், டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுடுவாரு, எனக்குக் கப்பல் போயிடும்னு பயம். அங்கேயே கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன். வர மாட்டேன்னு சொல்லிட்டாப்பான்னேன்."

கோயில் மணி அடித்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சாகற வரைக்கும் அவர் அவளைப் பத்திக் கேக்கவே இல்ல. அவளும் அவரை அப்பான்னு சொல்லல. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் முழுங்கினது, முப்பத்தி நாலு வருஷமா இங்கயே நிக்குது" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "யார் யாரோ பேசின பேச்சை எல்லாம் ஒரு எழுத்து விடாம சொல்லிட்டேன். அடுத்த வாரம் அவ இந்தியா போறா. இன்னிக்குச் சொல்லலைன்னா நான் மனுஷியே இல்ல. சொன்னா, இருக்கற ஒரே அக்காவும் போயிடுவா."

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தலையில் இப்படி ஒரு மூட்டையை ஏற்றி அனுப்பிய அந்தப் பெரியவர்கள் மேல் ஆத்திரம். "கிளம்பலாம்க்கா" என்று சாவியைத் திருப்பினேன். "சாமியெல்லாம் அப்புறம் கும்பிட்டுக்கலாம். வீட்டுக்குப் போய் போனைப் போடுங்க."

அவர் வீட்டுச் சமையலறை. ஜன்னலுக்கு வெளியே வானம் முழுக்க மஞ்சள் வெளிச்சம். பாத்திரம், மேசை, அக்காவின் முகம், எல்லாம் அதே நிறம். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"நீ பக்கத்துல உக்காரு. இப்ப நீதான் என் பார்ட்னர். ஒரு வார்த்தை விட்டாலும் தட்டணும்."

அந்தப் பக்கம் மணி அடித்தது. நாகமணியம்மாதான் எடுத்தார். "என்னடி, வெள்ளிக்கிழமைல? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லக்கா." அக்கா எழுந்து நின்றுகொண்டார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "துபாஷி ஒரு திருத்தம் சொல்லணும்."

"யாரு?"

"துபாஷிக்கா. சின்ன வயசுல ஒரு சேதியைக் கொண்டு வந்து சேக்காம விட்டுட்டா. உன்கிட்ட வரவே இல்ல, தெரு முனையிலேயே திரும்பிட்டா. நீ வர மாட்டேன்னு சொன்னதா அங்க போய்ப் பொய் சொல்லிட்டா. ரயிலேறின அன்னிக்குக் காலைல சொன்ன சேதி. இப்பச் சொல்றா." மூச்சை இழுத்துக்கொண்டார். குரல் மாறியது. கனமாக, நிதானமாக, வயதான ஆம்பளைக் குரலாக இறங்கியது. "நாகு. ரயிலுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து என் எதிர்ல நில்லும்மா."

அத்தோடு நின்றுவிட்டார். நான் மேசையைத் தட்டினேன். என்னைப் பார்த்தார். மறுபடி தட்டினேன்.

"திட்டறதா இருந்தாலும்... வந்து திட்டு."

சான் ஹோசேயில் போனை வைத்துவிட்டார்களோ என்று நான் எட்டிப் பார்த்தேன். சின்ன விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வெளியே மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கிச் சாம்பலாகிக்கொண்டிருந்தது.

"அப்பா எத்தனை மணிக்கு வரச் சொன்னாரு?" என்று கேட்டார் நாகமணியம்மா.

"நாலு மணிக்கு ரயிலுக்கா. அதுக்கு முன்னாடி."

"நான் மூணு மணிக்கே வந்துட்டேன்டி." குரல் உடைந்தது. "ஸ்டேஷன்லதான் இருந்தேன். அந்தக் கூட்ஸ் ஷெட் ஓரமா. கூப்பிடாம எப்படிடி கிட்ட வர்றது? அப்பா ஜன்னல் வழியாத் தலையை வெளிய விட்டு யாரையோ தேடிட்டே இருந்தாரு. வண்டி கிளம்பி வளைவு திரும்பற வரைக்கும் தேடினாரு. யாரைத் தேடறாருன்னுதான் இத்தனை வருஷமா எனக்குத் தெரியல."

வசந்தாக்கா போனை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, என்னைத் திட்டுக்கா" என்றார். இந்த முறை அது அவருடைய சொந்தக் குரல்.

"திட்டறேன்டி. நேர்ல வந்து திட்டறேன். ஷ்யாமளா பக்கத்துல இருக்காளா? அவளை ஏர்போர்ட்டுக்கு வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு."

"கேட்டுச்சுங்க நாகமணியம்மா, வந்துடறேன்" என்று நான் கத்தினேன்.